இரண்டு பெட்டியோடு ஜெர்மனிக்கு: சாமான் வைத்த வாடகை வீட்டில் குடியேற முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் சாதாரண வாடகை வீடு என்றால் பெரும்பாலும் வெறும் சுவர்தான். கூரையிலிருந்து மின்கம்பி தொங்கும், பல்பு இருக்காது. பல வீடுகளில் சமையல் மேடையையும் அடுப்பையும், ஏன், பாத்திரம் கழுவும் தொட்டியைக்கூட முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அதனால்தான் வேலைக்கோ படிப்புக்கோ முதல்முறை வருகிற நம் ஆட்கள் ‘மோப்லியர்ட்’ வீடாகத் தேடுகிறார்கள். கட்டில், மேசை, அலமாரி, அடுப்பு, ஃபிரிட்ஜ், தட்டு, கரண்டி வரைக்கும் வைத்துத் தருகிற வீடு. வாடகை கூடுதல்தான். ஆனாலும் இரண்டு பெட்டியோடு வந்து இறங்குகிறவருக்கு அதுதான் தோது.

நான் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தது ஒரு நவம்பரில். 23 கிலோ பெட்டி இரண்டு, முதுகில் லேப்டாப் பை. வந்த முதல் சனிக்கிழமையே கடைக்குப் போய் வாளி, கத்தி, வெட்டும் பலகை, துணி காயவைக்கும் கொடி என்று அள்ளிக்கொண்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால், அதில் பாதி வீட்டின் கெல்லரில், அதாவது கீழ்த்தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தரும் சாமான் அறையில், ஏற்கெனவே இருந்தது. அதனால் யார் கேட்டாலும் நான் சொல்லும் வரிசை இது: முதலில் உங்கள் பெயர் அந்த வீட்டில் ஒட்ட வேண்டும். அடுத்து தூக்கம். அடுத்து அடுப்பு. மற்ற எதையும் இரண்டு வாரத்துக்கு வாங்க வேண்டாம்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி, “இந்த வீட்டில் அன்மெல்டுங் செய்ய முடியுமா?” அன்மெல்டுங் என்பது முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். சிலர், வாடகை குறைவு, ஆனால் பதிவு முடியாது என்பார்கள். அந்த வீடு வேண்டாம். பதிவு இல்லாமல் வரி எண் வராது, குடியிருப்பு அனுமதி வேலை நகராது, வங்கிக் கணக்கும் இழுபடும். ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவர் உங்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறார் என்றால், அதற்கு வீட்டு உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அடுத்தது, வாடகையில் எதெல்லாம் அடக்கம்? கால்ட்மீட்ட என்றால் வெறும் வாடகை. வார்ம்மீட்ட என்றால் ஹீட்டர், தண்ணீர், குப்பை போன்ற செலவு சேர்ந்தது. மின்சாரம் வார்ம்மீட்டயில் பல நேரம் இருக்காது. இணையமும் அப்படித்தான். இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். மின்சாரம் அடக்கம் இல்லை என்றால் உங்கள் பெயரில் இணைப்புப் பதிய வேண்டும். பதியாமல் விளக்கைப் போட்டாலும் மின்சாரம் வரும். ஆனால் அந்தப் பகுதியின் அடிப்படை நிறுவனம் தன் விலையில் கணக்கு எழுதும், அது பெரும்பாலும் கூடுதல் விலையாகத்தான் இருக்கும்.

அட்வான்ஸை இங்கே கௌட்சியோன் என்பார்கள். மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு, முதல் தவணை வாடகைக்காலம் தொடங்கும்போது. இது பலருக்குத் தெரியாமல் மொத்தமாகக் கட்டிவிட்டு, முதல் சம்பளம் வரும்வரை கஷ்டப்படுகிறார்கள்.

மோசடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்று எழுதுகிறவர் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். படத்தில் வீடு எவ்வளவு அழகோ, வாடகை எவ்வளவு மலிவோ, அவ்வளவு சந்தேகப்படுங்கள். அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம். அப்படி யாரும் இல்லை என்றால் முதல் சில வாரத்துக்கு ஒரு விடுதியிலோ சர்வீஸ் அபார்ட்மென்டிலோ இருந்துகொண்டு தேடுங்கள். செலவுதான், ஆனால் முன்பணம் பறிபோவதைவிட அது குறைவு.

பெட்டியில் எதை வைப்பது

வீட்டில் எல்லாம் இருக்கும் என்பதால், அங்கே கிடைக்காததற்கும் உடனே தேவைப்படுவதற்கும்தான் இடம் தர வேண்டும்.

மிக்ஸி எடுத்துவரலாமா என்பதுதான் எல்லாரும் கேட்பது. வரலாம். இங்கேயும் 230 வோல்ட்தான். ஆனால் நம் மூன்று முனைப் பிளக் இங்குள்ள சாக்கெட்டில் நுழையாது, அடாப்டர் வேண்டும். மெல்லிய இரண்டு முனை உள்ள போன் சார்ஜர்கள் அப்படியே நுழையும். இங்கே கிடைக்கும் பிளெண்டர்கள் ஜூஸுக்கும் சூப்புக்கும் போதும், தேங்காய்ச் சட்னிக்கும் மிளகாய் அரைக்கவும் திணறும். சின்ன மிக்ஸி ஒன்று, இரண்டு ஜாரோடு, மூன்று நான்கு கிலோவுக்கு மதிப்புள்ளதுதான்.

குக்கர் வாங்குவதாக இருந்தால் ஸ்டீலில், அடி தட்டையாக உள்ள, இண்டக்‌ஷனுக்கும் ஆகிற குக்கராக வாங்குங்கள். அங்கே என்ன அடுப்பு என்று முன்கூட்டியே தெரியாது. அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஆகாது.

உணவுப் பொருளில் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. அம்மா உருக்கித் தந்த நெய், பால்கோவா எல்லாமே இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வரக் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பெருங்காயம், புளி, வத்தல், அப்பளம் இவற்றுக்குத் தடை இல்லை. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று மாதத் தேவைக்கு மருத்துவர் சீட்டோடு கொண்டுவாருங்கள். இங்கே மருத்துவரிடம் முதல் சந்திப்பு கிடைப்பதற்கே நாளாகும்.

அப்புறம் ஒரு பருத்திப் படுக்கை விரிப்பு, ஒரு துண்டு, ஒரு மெல்லிய போர்வை. ஏன் என்று முதல் இரவு வரும்போது சொல்கிறேன்.

சாவி வாங்கும் ஒரு மணி நேரம்

மொத்த வழிகாட்டியில் அதிகக் கவனம் தேவைப்படுவது இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். பயணக் களைப்பில் “எல்லாம் சரி” என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், போகும்போது ஒவ்வொரு கீறலுக்கும் உங்கள் கௌட்சியோனிலிருந்து கழிப்பார்கள்.

ஊபர்காப புரோட்டோகோல் என்று ஒரு தாள் உண்டு, வீட்டை ஒப்படைக்கும்போது இருந்த நிலையை எழுதும் குறிப்பு. சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் இல்லாமல் வீட்டுக்குள் போகாதீர்கள். உரிமையாளரிடம் இல்லை என்றால் வெற்றுத்தாளில் நீங்களே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சாமான் வைத்த வீட்டுக்கு இதோடு சாமான் பட்டியலும் சேர வேண்டும். ஆறு தட்டு என்று எழுதியிருந்தால் எண்ணிப் பாருங்கள். என் வீட்டுப் பட்டியலில் கண்ணாடித் தம்ளர் எட்டு என்றிருந்தது, அலமாரியில் ஆறுதான். அதே இடத்தில் சொன்னேன், வீட்டு உரிமையாளரான அம்மா சிரித்துக்கொண்டே திருத்தி எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்துச் சொல்லியிருந்தால் நான் உடைத்ததாகத்தான் ஆகியிருக்கும்.

வீடியோ எடுங்கள். வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாக, மெதுவாக. மெத்தையைத் தூக்கி அடியில் பாருங்கள். சோபாவின் பின்பக்கம், ஜன்னல் மூலை, குளியலறை சிலிக்கான் ஓரம், இங்கெல்லாம் கருப்புப் புள்ளி இருந்தால் அது பூஞ்சை. கட்டாயம் பதிவாக வேண்டும். ஓவனுக்குள் விளக்கைப் போட்டுப் படம் எடுங்கள். மின்மீட்டரின் எண்ணையும் அன்றைய கணக்கையும் ஒரே படத்தில் எடுங்கள். தண்ணீர், ஹீட்டர் மீட்டர் இருந்தால் அவற்றையும். எல்லாவற்றையும் அன்று இரவே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு சாட்சி ஆயிற்று.

எத்தனை சாவி தந்தார்கள் என்பதும் தாளில் வரட்டும். வெளிவாசல், வீட்டுக் கதவு, தபால் பெட்டி, கெல்லர். பல கட்டடங்களில் எல்லாப் பூட்டும் ஒரே அமைப்பில் சேர்ந்திருக்கும், உங்கள் வீட்டுச் சாவியே பொதுக் கதவுகளையும் திறக்கும். அது தொலைந்தால் மொத்தக் கட்டடத்தின் பூட்டையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம்.

இந்தச் சாவி விஷயத்தில் இன்னொன்று. இங்கே வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி கிடையாது, வெறும் குமிழ்தான். சாத்தினால் சாத்தியதுதான், சாவி இல்லாமல் திறக்காது. நான் வந்த மூன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் செருப்போடு குப்பைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின்னால் கதவு மூடிக்கொண்டது. போனும் உள்ளே. எதிர்வீட்டுப் பெரியவர் என்னை உள்ளே அழைத்துச் சூடாக டீ கொடுத்து, என் வீட்டு உரிமையாளருக்குப் போன் போட்டுத் தந்தார். அவர் மாற்றுச் சாவியோடு வர இரண்டு மணி நேரம் ஆனது. அவர் வரமுடியாமல் போயிருந்தால் பூட்டுத் திறப்பவரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக் கட்டணம் நூறு யூரோவைத் தாண்டும். அப்படி ஒருவரைக் கூப்பிட நேர்ந்தால் மொத்தத் தொகையைப் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள். கதவருகே ஓர் ஆணி இருந்தால் சாவியை அங்கேயே மாட்டுங்கள், பழகும்வரை கதவின் உட்பக்கம் “சாவி” என்று ஒரு தாள் ஒட்டி வையுங்கள்.

முதல் இரவு

கட்டிலும் மெத்தையும் இருக்கும். பெரும்பாலும் விரிப்பு இருக்காது, இருந்தாலும் யாரோ படுத்தது. தலையணை 80க்கு 80 செ.மீ. சதுரத்தில், உள்ளே பஞ்சு நகர்கிற மாதிரி இருக்கும். நம் ஊர்த் தலையணை உறை அதற்குப் பொருந்தாது. இரட்டைக் கட்டிலில்கூட இரண்டு தனி மெத்தை, இரண்டு தனி ரஜாய் என்பதுதான் இங்கே வழக்கம். நீங்கள் கொண்டுவந்த விரிப்பையும் துண்டையும் எடுக்க வேண்டிய நேரம் இதுதான். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் போர்வையைப் போர்த்திக்கொண்டால் தூக்கம் வந்துவிடும்.

வந்து இறங்குவது சனி இரவு என்றால் மறுநாள் கடைகள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் திறக்காது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். பெட்டியில் இரண்டு வேளைக்கு அவல், பொடி, உடனடி உப்புமா மாதிரி ஏதாவது இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்கத் தேவையே இல்லை.

பெயரை ஒட்டுங்கள், பிறகு பதியுங்கள்

நம் ஊரில் தெருப்பெயரும் கதவு எண்ணும் போதும், தபால்காரர் விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். இங்கே அடுக்குமாடி வீட்டுக்குக் கதவு எண்ணே கிடையாது. தெரு, கட்டட எண், பெயர், அவ்வளவுதான். தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயர் இல்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாமே கடிதமாகத்தான் வருகின்றன.

அதனால் முதல் நாளே பெயரை ஒட்டுங்கள். நம்மில் பலருக்கு ‘குடும்பப் பெயர்’ என்று ஒன்று இல்லை, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் அந்த இடத்தில் இருக்கும். கடிதமும் சில சமயம் அந்தப் பெயருக்குத்தான் வரும். ஆகவே சீட்டில் இரண்டையும் எழுதுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தில். கட்டடத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பெயர்ப்பலகை இருந்தால் ஹவுஸ்மைஸ்டரிடம், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள், செய்து தருவார். அதுவரை ஒரு சீட்டும் டேப்பும் போதும்.

அடுத்தது அன்மெல்டுங். ஸ்டுட்கார்ட்டில் பூர்கர்பூரோ என்ற அலுவலகத்தில். பெர்லினில் பூர்கர்ஆம்ட் என்பார்கள். முன்பதிவு கிடைப்பது கடினமாக இருக்கும், வீடு உறுதியான அன்றே இணையத்தில் தேதி தேடத் தொடங்குங்கள். பாஸ்போர்ட், விசா, நிரப்பிய படிவம், அப்புறம் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் வேண்டும். பெயர் நீளம்தான், விஷயம் ஒற்றைப் பக்கம்: “இவர் என் வீட்டில் இந்தத் தேதியில் குடியேறினார்” என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்திடும் தாள். வாடகை ஒப்பந்தம் இதற்கு மாற்று ஆகாது. இதைத் தர வேண்டியது உரிமையாளரின் சட்டக் கடமை. சாவி வாங்கும் நேரத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பதிவின்போது மதம் என்ன என்றும் கேட்பார்கள். கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் திருச்சபை உறுப்பினர் என்று பதிந்தால் வருமான வரியின் மேல் தேவாலய வரி சேரும். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன் வூர்ட்டம்பெர்க்கிலும் பவாரியாவிலும் அது வருமான வரித் தொகையில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். இது தெரிந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

பதிவு முடிந்த சில வாரத்தில் வரி எண் வரும். அதோடு ருண்ட்ஃபுங்க்பைட்ராக் கடிதமும் வரும், வானொலி தொலைக்காட்சிக்கான கட்டணம். டிவி இல்லை என்றாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. 2021 ஆகஸ்டில் இதை மாதம் 18.36 யூரோ என்று வைத்தார்கள். வீட்டைப் பகிர்ந்து இருப்பவர்கள் என்றால் ஒருவர் கட்டினால் போதும், அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பிவிடலாம். கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டால் பாக்கியும் அபராதமும் சேர்ந்து வரும்.

இதே வாரத்தில் ஹாஃப்ட்ஃப்ளிக்ட் காப்பீடு எடுங்கள். அடுத்தவருக்கு நாம் உண்டாக்கும் சேதத்துக்கான காப்பீடு இது, வருடத்துக்கு ஒருமுறை கட்டுவது, பெரிய தொகை இல்லை. சாமான் வைத்த வீட்டில் இருப்பவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்த்து வாங்க வேண்டும்: சாவி தொலைந்தால் பணம் உண்டா, வாடகை வீட்டில் உள்ள *நகரும் பொருள்களுக்கு* உண்டா. பல திட்டங்கள் சுவருக்கும் தரைக்கும் தரும், உரிமையாளரின் சோபாவுக்கும் மெத்தைக்கும் தராது.

வீட்டைப் படிப்பது

ஜன்னல் கைப்பிடிக்கு மூன்று நிலை. கீழே என்றால் பூட்டு, பக்கவாட்டில் என்றால் முழுதாகத் திறக்கும், மேலே என்றால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். முதல்முறை சாய்ந்ததும் ஜன்னல் கழன்று விழுகிறது என்று பயந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். விழாது.

குளிர்காலத்தில் அதைச் சாய்த்தே வைக்காதீர்கள். காற்றும் சரியாக மாறாது, சுவர் மட்டும் குளிர்ந்து பூஞ்சை பிடிக்கும். இங்கே சொல்லும் முறை ஷ்டோஸ்லுஃப்டன்: ஹீட்டரைக் குறைத்து, ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட்டு மூடுவது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. குளித்தபின், சமைத்தபின் கட்டாயம். நாம் சோறு வடித்து, குழம்பு கொதிக்கவிட்டு, துணியையும் அறைக்குள்ளேயே காயப்போடுகிறவர்கள், அத்தனை ஈரமும் சுவருக்குத்தான் போகும். பூஞ்சை வந்தால் “நீங்கள் காற்று மாற்றவில்லை” என்றுதான் முதல் பேச்சு வரும்.

ஹீட்டர் திருகில் 1 முதல் 5 வரை எண் இருக்கும். 3 என்றால் சுமார் 20 டிகிரி. நட்சத்திரக் குறி உறைபனித் தடுப்புக்கு. 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது தவறு, அதே வேகத்தில்தான் ஏறும், ஆனால் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். சோபாவையோ திரைச்சீலையையோ ஹீட்டருக்கு முன் தள்ளாதீர்கள்.

குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி பெரும்பாலும் இருக்காது. கப்பில் மொண்டு ஊற்றிக் குளிப்பதெல்லாம் ஷவர் தடுப்புக்குள், இல்லை தொட்டிக்குள் மட்டும்தான். வெளியே சிந்தினால் கீழ்வீட்டுக் கூரையில் கறை படியும். குளித்து முடித்ததும் கண்ணாடித் தடுப்பை ரப்பர் தள்ளியால் ஒருமுறை வழித்துவிடுங்கள். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், ‘கால்க்’ என்பார்கள், விட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும். கெட்டிலில் படிந்தால் வினிகரும் தண்ணீரும் விட்டு ஊறவைத்தால் போய்விடும்.

இணையம் வீட்டுக்காரருடையது என்றால் ஒன்றை மறக்க வேண்டாம். டோரண்டில் படம் இறக்காதீர்கள், தமிழ்ப் படமாக இருந்தாலும். உரிமை வைத்திருப்பவர்களின் வக்கீலிடமிருந்து பல நூறு யூரோ கேட்டுக் கடிதம் வரும். அந்தக் கடிதம் இணைப்பு யார் பெயரிலோ அவருக்குப் போகும், உங்கள் உரிமையாளருக்கு.

சமையலறை

என் வீட்டு இழுப்பறையைத் திறந்தபோது ஆறு முள்கரண்டி, ஆறு கத்தி, ஆறு சின்னக் கரண்டி, ஒரு பாலாடைச் சீவி, தண்ணீர்விட்டான் தண்டு சீவ ஒரு கருவி, உருளைக்கிழங்கு மசிக்க ஒரு கருவி. குழம்பு அள்ள ஒரு கரண்டி இல்லை. தோசை திருப்பி இருந்தது, ஆனால் பிளாஸ்டிக். உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும். இரண்டு வாரம் அதை வைத்துச் சமாளித்தால் உண்மையில் என்ன இல்லை என்று தெரிந்துவிடும். எனக்குத் தேவைப்பட்டது மொத்தம் ஐந்து: குழிக்கரண்டி, இரும்புத் தோசைக்கல், தாளிப்புக் கரண்டி, ஒரு ஆழமான பாத்திரம், டப்பாக்கள்.

அடுப்பு கண்ணாடி மேற்பரப்பாக இருக்கும். அது இண்டக்‌ஷனா, சாதாரணச் சூட்டுக் கண்ணாடியா என்று தெரிந்துகொள்ள, வீட்டில் இருக்கும் பாத்திரத்தின் அடியில் ஃபிரிட்ஜ் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத பாத்திரமும் சூடாகிறது என்றால் சாதாரண வகை. இரண்டிலும் பாத்திரத்தை இழுத்துத் தேய்க்காதீர்கள், கண்ணாடி கீறும். சர்க்கரைப் பாகோ வெல்லமோ சிந்தினால் சூட்டோடு இறுகிக் கண்ணாடியையே பெயர்த்துவிடும், உடனே சுரண்டியால் எடுக்க வேண்டும். வட்ட அடித் தாளிப்புக் கரண்டி இதன்மேல் ஆடும், தட்டை அடி உள்ளதாகப் பாருங்கள்.

தாளிப்புக்கு முன் மேலே உள்ள உறிஞ்சும் விசிறியைப் போட்டு, ஜன்னலையும் திறந்து, அறைக்கதவைச் சாத்துங்கள். படுக்கையறையிலும் நடையிலும் புகை எச்சரிக்கைக் கருவி எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி இருக்கிறது, மிளகாய் கருகினால் அலறும். அதைக் கழற்றி வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

மஞ்சள் கறைக்குத்தான் நான் நிறையப் பயந்தேன். வெள்ளை மேடையில் சாம்பார் ஒரு சொட்டு விழுந்து அரை மணி நேரம் இருந்தால் போதும், சோப்புக்கு அசையாது. ஆனால் மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது. கறை பிடித்த வெட்டும் பலகையைக் கழுவி ஜன்னல் விளிம்பில் இரண்டு நாள் வெயிலில் வைத்தேன், வெளுத்துவிட்டது. பலகையைத் தூக்கி வைக்கலாம், மேடையைத் தூக்க முடியாதே. அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தட்டை நிரந்தரமாக வைத்து, கரண்டியையும் பொடி டப்பாவையும் அதன்மேலேயே வையுங்கள்.

பொருள் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. பாஸ்மதியும் மைசூர்ப் பருப்பும் சாதாரண சூப்பர்மார்க்கெட்டிலேயே உண்டு. கட்டுக் கொத்தமல்லி, கத்தரிக்காய், வெண்டைக்காய், பச்சை மிளகாய்க்குத் துருக்கிக் கடை. இட்லி அரிசி, உளுந்து, உறைய வைத்த தேங்காய்த் துருவலுக்கு இந்திய, இலங்கைத் தமிழ்க் கடைகள். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத் தமிழர்கள் இந்த நாட்டில் கடையும் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் நிறுத்தியதால்தான் இன்று நமக்கு முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலும் அவர்கள் எழுப்பியதுதான்.

இட்லி மாவு குளிரில் பொங்காது. ஓவனைச் சூடு போடாமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, பெரிய பாத்திரத்தில் பாதி அளவு மாவை வைத்து இரவு முழுக்க மூடி வையுங்கள். கீழே ஒரு தட்டு வைக்க மறக்காதீர்கள். ஓவன் கைப்பிடியில் “உள்ளே மாவு” என்று சீட்டு ஒட்டுங்கள். வீட்டில் இருக்கும் இன்னொருவர் கேக் சுட ஓவனைப் போட்டுவிட்டால் மாவும் போச்சு, பாத்திரமும் போச்சு.

அக்கம்பக்கம்

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறு முழுநாளும் அப்படியே. மிக்ஸி, வாஷிங் மெஷின், சுவரில் துளைபோடுவது எதுவும் கூடாது. ஆறு மணிக்கு முன் சட்னி அரைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இரவே அரைத்து வையுங்கள்.

குப்பையில் காகிதம், உணவுக் கழிவு, பொட்டலம், மிச்சம் என்று நான்கு பிரிவு. எந்த நிறத் தொட்டி எதற்கு என்பது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், தொட்டியின் மேல் படம் இருக்கும். கண்ணாடிப் பாட்டிலைத் தெருவோரப் பெட்டியில் நிறம் பிரித்துப் போட வேண்டும், ஞாயிறன்று போடக் கூடாது. ஃபாண்ட், அதாவது பாட்டிலுக்கு வாங்கும்போதே கட்டும் வைப்புத்தொகை, முத்திரை உள்ள பிளாஸ்டிக் பாட்டிலையும் டின்னையும் கடை இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

எங்கள் பக்கத்து வழக்கம் கேர்வோக. படிக்கட்டையும் வாசலையும் வாரம் ஒரு வீடு கூட்டித் துடைக்கும் முறை. ஒரு திங்கள்கிழமை என் கதவுக் குமிழில் சின்ன மரப்பலகை தொங்கியது. அது நம் முறை என்று அர்த்தம். ஒப்பந்தத்தில் பாருங்கள், நீங்கள் செய்ய வேண்டியதா, அதற்கு ஆள் உண்டா என்று எழுதியிருக்கும். செய்ய வேண்டும் என்றால் சனிக்கிழமைக்குள் முடித்து, பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுங்கள். அந்த வாரம்தான் மாடிவீட்டுக்காரர்கள் என் பெயரைக் கேட்டார்கள்.

இரண்டு வாரம் ஆனபின்

இப்போது வாங்கலாம். முதலில் உங்கள் மெத்தையின் அளவுக்கு விரிப்பு (90, 140, 160 என்று அகலம் மாறும், அளந்துகொண்டு போங்கள்), உங்களுக்குப் பழகிய உயரத்தில் ஒரு தலையணை, ஒரு மேசை விளக்கு. நவம்பரிலிருந்து மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும், கூரை விளக்கு மட்டும் போதாது. பழைய சாமானுக்கு க்ளைன்ஆன்ட்சைகன் என்ற இணையதளம் இருக்கிறது. தெருவில் “ட்சு ஃபெர்ஷெங்கன்” என்று எழுதிய அட்டைப்பெட்டி இருந்தால் இலவசம், எடுத்துக்கொள்ளலாம். என் டம்ளர்களும் ஒரு நல்ல வாணலியும் அப்படி வந்தவை.

உரிமையாளரின் அலங்காரப் பொருள் பிடிக்கவில்லை என்றால் எடுத்து வைக்கலாம், தூக்கிப் போட முடியாது. அது இருந்த இடத்தைப் படம் எடுத்து, பொருளைத் துணியில் சுற்றி, ஒரு பெட்டியில் பட்டியலோடு கெல்லரில் வையுங்கள். என் வீட்டில் ஒரு பீங்கான் ஆந்தையும் நான்கு உலர்பூச் சாடியும் அப்படித்தான் இருந்தன. அந்த அலமாரித் தட்டில் என் சாமிப் படமும் விளக்கும் வந்தன. விளக்கின் அடியில் ஒரு ஓடு வையுங்கள், மர அலமாரியில் எண்ணெய்க் கறை போகாது. சுவரில் ஆணி அடிக்குமுன் கேளுங்கள்.

போகும்போது

படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் வையுங்கள். மீட்டர் கணக்கைப் படம் எடுத்து, புதிதாக ஒரு ஒப்படைப்புத் தாளில் இருவரும் கையெழுத்திடுங்கள். கௌட்சியோன் திரும்ப வரச் சில மாதம் ஆகலாம், வங்கிக் கணக்கை அதுவரை மூடாதீர்கள். இன்னொரு வீட்டுக்குப் போனால் அங்கே புதிதாகப் பதிய வேண்டும், நாட்டைவிட்டே போனால் பதிவை நீக்க வேண்டும். தபால் நிலையத்தில் பணம் கட்டினால் பழைய முகவரிக் கடிதங்களைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடுவார்கள், ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை. ஒரு வாரம் முன்பே பதிந்துவிடுங்கள். திருப்பி விடப்பட்ட முதல் கடிதம் கைக்கு வரும்வரை தபால் பெட்டியில் இருக்கும் பெயரை உரிக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.